பத்திரம் 1.25 ஏக்கர், பட்டா 0 - 50.50, புரோக்கர் 50 குண்டா: மூன்றும் ஒன்றா? (பரப்பளவு மாற்றும் கணக்கு)

பாலக்கோடு_தேடல்

வணக்கம். பாலக்கோடு தாலுகாவில் ஒரு புஞ்சை நிலம் விலைக்கு வந்திருக்கு. பழைய பத்திரத்தில் "புஞ்சை ஏக்கர் 1.25" என்று இருக்கு. இணையத்தில் எடுத்த பட்டாவில் பரப்பு 0 - 50.50. ஓசூர் பக்கத்திலிருந்து வந்த புரோக்கர் "50 குண்டா, குண்டா 2 லட்சம்" என்கிறார். "ஏரும் குண்டாவும் ஒண்ணுதான், பட்டாவில் 50.50 இருக்கு, அதனால 50.50 குண்டாவுக்குக் காசு கொடுங்க" என்றும் சொல்றார்.

டேப் வைத்து அளந்ததில் வடக்கு 250 அடி, கிழக்கு 220, தெற்கு 230, மேற்கு 240. எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கினால் 240 × 230 = 55,200 சதுரடி, அதாவது 126.7 சென்ட். செல்போன் ஆப் 1.31 ஏக்கர் காட்டுது. இதில் எதை நம்புவது? எந்தக் கணக்கில் பணம் பேசுவது?

செயின்_லிங்க்

முதலில் மாற்று எண்களைப் பிடிச்சுக்குங்க. மற்றதெல்லாம் இதிலிருந்து வரும்.

1 சென்ட் = 435.6 சதுரடி = 40.4686 சதுர மீட்டர்.
1 ஏக்கர் = 100 சென்ட் = 43,560 சதுரடி = 4,046.86 சதுர மீட்டர்.
1 ஏர் = 100 சதுர மீட்டர் = 2.47105 சென்ட் = 1,076.39 சதுரடி.
1 ஹெக்டேர் = 100 ஏர் = 2.47105 ஏக்கர்.
1 குண்டா = 33 அடிக்கு 33 அடி = 1,089 சதுரடி = 2.5 சென்ட் = 101.17 சதுர மீட்டர். 40 குண்டா ஒரு ஏக்கர்.

உங்க பட்டாவில் 0 - 50.50 என்றால் 0 ஹெக்டேர், 50.50 ஏர். 50.5 × 2.47105 = 124.79 சென்ட். பத்திரத்தின் 1.25 ஏக்கர் 125 சென்ட். வித்தியாசம் 0.21 சென்ட், சுமார் 92 சதுரடி. அது ஏமாற்றும் இல்லை, நிலம் குறைந்ததும் இல்லை. 125 சென்ட்டை மாற்றினால் 50.59 ஏர் வரும். நம்ம பக்கத்து கிராமப் பட்டாக்களைப் புரட்டிப் பாருங்க, பெரும்பாலும் .00 அல்லது .50 என்றே முடியும். அரை ஏருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து எழுதுவதால் அப்படி. அரை ஏர் என்பது 1.24 சென்ட். ஆகவே ரவுண்டு செய்ததால் மட்டும் அரை சென்ட்டுக்கு மேல் கூடவோ குறையவோ இடம் இருக்கு.

ஓசூர்_எல்லை

புரோக்கர் சொன்ன 50 குண்டா சரி. 50 × 2.5 = 125 சென்ட். ஆனா "ஏரும் குண்டாவும் ஒண்ணு" என்பது தப்பு. இந்தத் தப்பு எங்க பக்கம் ரொம்ப சகஜம். ரெண்டும் கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, பணமா மாறும்போதுதான் தெரியும்.

50.50 ஏர் என்பது 49.92 குண்டா. குண்டா 2 லட்சம் என்றால் ஒரு சென்ட் 80,000. பட்டாப்படி 124.79 சென்ட்டுக்கு 99 லட்சத்து 83 ஆயிரம். 50.50 குண்டா என்று எடுத்தால் 1 கோடியே 1 லட்சம். 1 லட்சத்து 17 ஆயிரம் ரூபாய் அதிகம் கேட்கிறார். நேரா "50 குண்டா" என்று பேசினாலும் சரியா 1 கோடி, அதுவும் பட்டாவைவிட 17 ஆயிரம்தான் கூட. 50.50 குண்டாவுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க.

இன்னொண்ணு. ஆனேக்கல் பக்கம் கர்நாடக பஹணி (அங்கத்து நிலப் பதிவேடு) வாசித்துப் பழகினவங்க புள்ளியை வேற மாதிரி படிப்பாங்க. அங்கே 1.10 என்றால் 1 ஏக்கர் 10 குண்டா. அது நம்ம 1.25 ஏக்கர். அதே ஆள் நம்ம பத்திரத்தில் 1.25 பார்த்தா "1 ஏக்கர் 25 குண்டா" என்று எடுத்துக்குவார். அது 162.5 சென்ட். எதிர்த்திசையிலும் நடக்கும்: பஹணியில் 2.20 இருந்தா நம்மாள் 2 ஏக்கர் 20 சென்ட் என்பார், உண்மையில் அது 2 ஏக்கர் 50 சென்ட். குண்டாவுக்குக் கீழே ஆணா வரும், 16 ஆணா ஒரு குண்டா. எல்லையோரம் பேரம் பேசும்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பது சென்ட்டா குண்டாவா என்று வாயால் சொல்ல வையுங்க. "ஒரு ஏக்கர் இருபத்தஞ்சு" என்று நிறுத்த விடாதீங்க.

பத்திர_எழுத்து

புள்ளி விஷயம் நம்ம பட்டாவிலும் உண்டு. 1 - 05.00 என்று இருந்தால் 1 ஹெக்டேர் 5 ஏர், அதாவது 105 ஏர், 2 ஏக்கர் 59.5 சென்ட். இதை 1.5 ஹெக்டேர் என்று வாசித்து 3 ஏக்கர் 70 சென்ட் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பூஜ்யம் விழுந்ததில் 1 ஏக்கர் 11 சென்ட் முளைத்துவிடும்.

பத்திரத்தில் மூன்று கட்டமாகவும் எழுதுவோம்: பு.ஹெ. (புஞ்சை ஹெக்டேர்) 0.50.50. ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர். கடைசி இரண்டு இடமும் சதுர மீட்டர் என்பதால் 0.50.5 என்று ஒற்றை இலக்கமாக விடக்கூடாது. ஒருவர் அதை 50 ஏர் 5 சதுர மீட்டர் என்பார், மற்றவர் 50 ஏர் 50 சதுர மீட்டர் என்பார். இடையில் 45 சதுர மீட்டர், ஒரு சென்ட்டுக்கு மேல். எண்ணால் எழுதியபின் "ஐம்பது ஏர் ஐம்பது சதுர மீட்டர்" என்று எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள்.

உங்களுக்கு எழுத வேண்டிய முறை: சர்வே எண், உட்பிரிவு, "பு.ஹெ. 0.50.50, இதற்கு ஏக்கர் 1.25", பிறகு செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்). முழு உட்பிரிவையும் வாங்குவதால் 0.21 சென்ட் வித்தியாசத்தால் பட்டா மாறுதலில் சிக்கல் வராது. பட்டா எப்படியும் 50.50 ஏருக்குத்தான் மாறும். சிக்கல் வருவது பாதியாகப் பிரித்து விற்கும்போது. 62.5 சென்ட் என்று இரண்டு பேருக்கு எழுதினால் ஆளுக்கு 25.29 ஏர், கூட்டினால் 50.59. ஆனால் தாய் உட்பிரிவில் இருப்பது 50.50 மட்டும். பிரித்த உட்பிரிவுகளின் கூட்டுத்தொகை தாய்ப் பரப்பைத் தாண்ட முடியாது. அதனால் ஆளுக்கு 25.25 ஏர் என்று ஏரில் பிரித்துவிட்டு, பக்கத்தில் சென்ட்டை எழுத வேண்டும். சென்ட்டில் பிரித்து ஏருக்கு மாற்றக்கூடாது.

பாலக்கோடு_தேடல்

நன்றிங்க. பட்டா, பத்திரம், குண்டா மூணும் ஒத்துப்போகுதுன்னு புரிஞ்சுது. அப்போ அளந்தது ஏன் 126.7 சென்ட் வருது? ரெண்டு சென்ட் கூட இருக்கே. பக்கத்து நிலத்தில் வேலி நுழைஞ்சிருக்கா?

செயின்_லிங்க்

வேலி இருக்கட்டும், முதல்ல சூத்திரத்தைப் பாருங்க. எதிர்ப்பக்கங்களின் சராசரியைப் பெருக்குவது எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். நாலு மூலையும் செங்கோணமா இருந்தால் மட்டும் சரியா வரும். நிலம் சாய்ந்திருக்க சாய்ந்திருக்க தப்பு பெரிதாகும்.

எவ்வளவு பெரிதாகும் என்று ஒரு கணக்கு. நாலு பக்கம் 120, 90, 100, 80 அடி. சராசரி முறையில் 110 × 85 = 9,350 சதுரடி. இதே நாலு பக்கத்தை வைத்து மூலைவிட்டம் 130 அடி இருந்தால் உண்மைப் பரப்பு 9,213 சதுரடி. மூலைவிட்டம் 170 அடி இருந்தால் 7,654 சதுரடிதான். பக்கம் ஒன்றும் மாறவில்லை, ஆனால் 3.9 சென்ட் காணோம். நாலு கழியைக் கயிற்றால் கட்டி ஒரு மூலையை இழுத்துப் பாருங்க. கழி நீளம் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் இடம் சுருங்கிக்கிட்டே போகும். அதனால் நாலு பக்கம் மட்டும் தெரிந்தால் பரப்பு தெரியாது. ஐந்தாவதாக ஒரு மூலைவிட்டம் கட்டாயம் வேணும்.

உங்க புலத்துக்குப் புலப்படம் (சர்வே அளவு வரைபடம்) எடுங்க. உள்ளே புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் கோடு ஒன்று இருக்கும், அதன் நீளமும் எழுதியிருக்கும். அதை இங்கே போடுங்க.

பாலக்கோடு_தேடல்

எடுத்தாச்சு. பக்கங்கள் 76.2, 67.1, 70.1, 73.2 என்று இருக்கு. வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குப் போகும் கோட்டில் 109.1. அலகு எதுவும் போடலை.

செயின்_லிங்க்

மீட்டர்தான். 250 அடியை 0.3048-ஆல் பெருக்குங்க, 76.2 வரும். மூலைவிட்டம் 109.1 மீட்டர் என்றால் 358 அடி. இப்போ ரெண்டு முக்கோணமாகப் பிரிச்சுப் போடுவோம். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கணும். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியா கழிக்கணும். பாதியையும் மூன்று மீதியையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரப்பு.

வடக்கு-கிழக்கு முக்கோணம்: 250, 220, 358. கூட்டினால் 828, பாதி 414. மீதிகள் 164, 194, 56. 414 × 164 × 194 × 56 = 73,76,22,144. வர்க்கமூலம் 27,159 சதுரடி.

தெற்கு-மேற்கு முக்கோணம்: 230, 240, 358. பாதி இதிலும் 414. மீதிகள் 184, 174, 56. பெருக்கினால் 74,22,58,944. வர்க்கமூலம் 27,244 சதுரடி.

இரண்டும் சேர்த்து 54,403 சதுரடி. 435.6-ஆல் வகுத்தால் 124.89 சென்ட். ஏரில் 50.54. பட்டாவில் 50.50 என்று ஏன் இருக்கு என்பது இப்போ தெரியுதா? வேலி எங்கேயும் நுழையலை. நீங்க பார்த்த கூடுதல் 1.8 சென்ட் முழுக்கச் சூத்திரம் உண்டாக்கினது.

ஆனா ஒரு வேலை பாக்கி. மூலைவிட்டத்தைப் படத்திலிருந்து எடுத்தோம். அதே மூலையிலிருந்து அதே மூலைக்குத் தரையில் டேப் பிடிச்சு 358 அடி வருதா பாருங்க. அதுவும் ஒத்தால்தான் படமும் நிலமும் ஒன்று.

கணக்குத்தாள்

இதை எக்செல்லில் வைத்திருப்பவர்களுக்கு: எல்லாவற்றையும் முதலில் சதுர மீட்டராக்கி ஒரு பத்தியில் வையுங்கள். பிறகு அங்கிருந்து சென்ட், குண்டா, சதுரடி என்று போங்கள். ஏர் → சென்ட் → சதுரடி → குண்டா என்று சங்கிலியாக மாற்றினால் ஒவ்வொரு படியிலும் ரவுண்டு செய்த பிழை சேர்ந்துகொண்டே வரும். 2.47 போதுமா, 2.47105 வேண்டுமா என்று கேட்பார்கள். 1 ஏக்கருக்கு 2.47 போதும். 10 ஹெக்டேர் தோப்புக்கு 2.47 போட்டால் 1 சென்ட் குறையும். 2.5 போடவே கூடாது. 100 ஏருக்கு அது கிட்டத்தட்ட 3 சென்ட்டை ஏற்றிவிடும்.

நீள எண்ணைப் பரப்புக்குப் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. 1 மீட்டர் 3.28 அடி, அதனால் 100 சதுர மீட்டர் 328 சதுரடி என்று பெருக்கிவிடுகிறார்கள். பரப்புக்கு 3.2808-ஐ 3.2808-ஆல் பெருக்கிய 10.764 வேண்டும். 100 சதுர மீட்டர் என்பது 1,076 சதுரடி. நத்தம் பட்டாவும் நகர நில அளவைப் பதிவேடும் சதுர மீட்டரில் வருவதால் வீட்டு மனை வாங்குகிறவர்களைத்தான் இது அதிகம் பாதிக்கும்.

அடி-அங்குலமும் அப்படித்தான். 33 அடி 6 அங்குலம் என்பது 33.5. கால்குலேட்டரில் 33.6 என்று தட்டக்கூடாது. அங்குலத்தை 12-ஆல் வகுத்த பிறகே புள்ளி வைக்க வேண்டும்.

ஓசூர்_எல்லை

மனைக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். ஓசூரில் "சைட்" என்றால் பெங்களூரு வழக்கப்படி 30-க்கு 40 என்று பேச்சு வரும். 1,200 சதுரடி, 2.75 சென்ட், 111.5 சதுர மீட்டர். சென்னையிலிருந்து வர்றவங்க "கிரவுண்டு" கேட்பாங்க, அது 2,400 சதுரடி, 5.51 சென்ட். "அரை கிரவுண்டு"ம் "ஒரு சைட்"டும் அதனால் ஒண்ணு.

விலையை மாற்றும்போது திசை தலைகீழா போகும், அதைக் கவனியுங்க. பரப்பைச் சென்ட்டிலிருந்து சதுரடிக்கு மாற்ற 435.6-ஆல் பெருக்கணும். விலையைச் சென்ட்டிலிருந்து சதுரடிக்கு மாற்ற 435.6-ஆல் வகுக்கணும். சென்ட் ஒன்றரை லட்சம் என்றால் சதுரடி 344 ரூபாய். வழிகாட்டி மதிப்பை நிலத்தின் விலையோடு ஒப்பிடும்போதும் இதே கதைதான். ஹெக்டேருக்குப் போட்டிருக்கிற மதிப்பை 2.471-ஆல் வகுத்தால்தான் ஏக்கர் மதிப்பு.

பத்திர_எழுத்து

மனைப் பத்திரத்தில் "கிழமேல் இருபுறமும் ஜாதியடி 30, தென்வடல் இருபுறமும் ஜாதியடி 40, ஆக 1,200 சதுரடி" என்று பார்ப்பீர்கள். "இருபுறமும்" என்ற சொல் இருந்தால் எதிர்ப்பக்கங்கள் சமம். அது இல்லாமல் "வடபுறம் 30, தென்புறம் 28" என்று தனித்தனியாக இருந்தால், செயின்_லிங்க் சொன்ன மூலைவிட்டப் பிரச்சினை மனையிலும் வரும். நாலு அளவோடு மூலைவிட்ட அளவையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வரிதான் கூடும். பின்னால் வரும் தகராறில் அந்த ஒரு வரிதான் நிற்கும்.

பழைய_ஆவணம்

பழைய பத்திரத்தில் "சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா" என்று இருந்தால் அது தருமபுரி மாவட்டம் தனியாகப் பிரிந்த 1965-க்கு முந்தைய எழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். ஜில்லா பெயர் மாறியது போலவே அளவும் மாறியிருக்கிறது. பழைய எழுத்தில் ஏக்கர்-சென்ட், அதற்கான படத்தில் லிங்க். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு, அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வதற்குப் பிறகு, பட்டா ஹெக்டேர்-ஏருக்கு வந்துவிட்டது. சர்வே எண்ணின் உட்பிரிவும் அப்போது மாறியிருக்கலாம். ஆகவே பழைய பரப்பை மாற்றிப் புதிய பட்டாவோடு ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே துண்டுதானா என்று அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) பழைய எண், புதிய எண் இரண்டையும் பாருங்கள். 1.25 ஏக்கர் ஒரு துண்டாகவும் 50.50 ஏர் வேறு துண்டாகவும் இருந்து, எண்கள் தற்செயலாக நெருங்கி வருவதும் நடக்கக்கூடியது.

லிங்க் தெரியாதவர்களுக்கு: ஒரு செயின் 66 அடி, அதில் 100 லிங்க். ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது 7.92 அங்குலம். இந்த அளவின் அழகு என்னவென்றால் 1,000 சதுர லிங்க் சரியாக ஒரு சென்ட். 250 லிங்க்குக்கு 180 லிங்க் என்றால் 45,000. மூன்று பூஜ்யத்தை அடித்தால் 45 சென்ட். கால்குலேட்டரே வேண்டாம். மீட்டர் படத்துக்கும் இப்படி ஒரு வசதி உண்டு: மீட்டரை மீட்டரால் பெருக்கி இரண்டு இடம் தள்ளிப் புள்ளி வைத்தால் ஏர்.

படத்தில் அலகு இல்லை என்றால் கண்டுபிடிப்பதும் எளிது. பக்கத்து எண்களைத் தோராயமாகப் பெருக்குங்கள். 100-ஆல் வகுத்தால் பட்டாவின் ஏர் வந்தால் மீட்டர். 1,000-ஆல் வகுத்தால் பழைய சென்ட் வந்தால் லிங்க். இந்தத் தேடல்காரரின் வடபக்கம் லிங்க் படத்தில் 379 என்று இருந்திருக்கும். அதை அடி என்று நினைத்து டேப் பிடித்தால் பக்கத்து நிலத்துக்குள் போய் நிற்க வேண்டியதுதான்.

குழி, மா, வேலி எல்லாம் காவிரி டெல்டா வழக்கு. 144 சதுரடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலி ஒன்று 6.61 ஏக்கர். நம் மாவட்டங்களில் பேரத்துக்கு அவை வருவதில்லை.

பாலக்கோடு_தேடல்

மூலைவிட்டம் தரையில் அளந்தாச்சு. 358 அடி 4 அங்குலம். ஆப் காட்டின 1.31 ஏக்கர் மட்டும் இன்னும் புரியலை.

செயின்_லிங்க்

4 அங்குலம் பிரச்சினை இல்லை. 358 அடியில் நைலான் டேப் தொய்வுக்கே அது போயிடும். அதுவும் டேப் மூன்று முறை போட்டு நீட்டியிருப்பீங்க.

ஆப் பற்றி: உங்க நிலத்தின் சுற்றளவு 940 அடி, 286 மீட்டர். நீங்க நடந்த பாதை எல்லையைவிட ஒரு மீட்டர் வெளியே இருந்தால் சுற்றிலும் 286 சதுர மீட்டர் கூடும், அதாவது 7 சென்ட். வரப்புக்கு உள்பக்கம் நடக்காமல் வெளிப்பக்கம் நடந்தாலே ஒரு மீட்டர் ஆயிடும். போதாததுக்கு போன் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், தென்னை மாமர நிழலில் இன்னும் மோசம். உங்களுக்கு 6 சென்ட் கூடக் காட்டியது ஆச்சரியமே இல்லை. 20 ஏக்கர் தோப்பை விலை பேசுறதுக்கு முன் சுற்றிப் பார்க்க ஆப் உதவும். மனைக்கும் சில சென்ட் துண்டுக்கும் அதை எடுக்காதீங்க.

டேப்பையும் ஒருமுறை சோதிங்க. இழுத்து இழுத்து 100 அடி டேப் 3 அங்குலம் நீண்டுபோயிருந்தால் நீளம் கால் சதவீதம் குறைவாகக் காட்டும், பரப்பு அரை சதவீதம் குறையும். 125 சென்ட்டில் 0.6 சென்ட். ஸ்டீல் டேப்போடு ஒட்டி வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிஞ்சுடும். சில டேப்பில் பூஜ்யம் வளையத்தின் நுனியிலிருந்து ஆரம்பிக்கும், சிலதில் துணியில் போட்ட கோட்டிலிருந்து. அதைப் பார்க்காமல் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் அதே பிழை ஏறும்.

மலையடி

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலைப்பக்கம் வாங்குறவங்க ஒரு விஷயம் சேர்த்துக்கணும். பட்டாவில் இருப்பது மேலிருந்து பார்த்தால் தெரியும் மட்டப் பரப்பு. சரிவின் மேல் டேப்பைப் படுக்க வைத்து அளந்தால் கூடுதலாக வரும். 15 டிகிரி சரிவில் 100 அடி டேப் விட்டால் மட்டத்தில் அது 96.6 அடிதான். அப்படி அளந்து ஒரு ஏக்கர் என்று சொன்னால் உண்மையில் 96.6 சென்ட்.

சரியான முறை: மேட்டுப் பக்கம் டேப்பைத் தரையில் வைத்து, பள்ளப் பக்கம் கையை உயர்த்தி டேப்பை மட்டமாகப் பிடிச்சு, நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அது விழும் இடத்தில் முளை அடிக்கணும். அங்கிருந்து அடுத்த படி. சரிவு அதிகமிருந்தால் ஒரு படிக்கு 15, 20 அடிக்கு மேல் இழுக்காதீங்க, டேப் நடுவில் தொங்கும்.

மாந்தோப்பு_பர்கூர்

நிலம் வாங்கின பிறகும் இந்த அலகுக் குழப்பம் விடாது, அதனால இதையும் இங்கேயே போடறேன். பரிந்துரைப் புத்தகம் ஹெக்டேருக்குச் சொல்லும், கடைக்காரர் ஏக்கருக்குச் சொல்வார், மருந்து பாக்கெட் ரெண்டில் எதையாவது சொல்லும். ஹெக்டேர் அளவை ஏக்கருக்குப் போட்டுட்டா மருந்து இரண்டரை மடங்கு. உரமானால் காசு நஷ்டம், களைக்கொல்லியானால் பயிரே கருகிப் போகும்.

பட்டா ஏரில் இருப்பது இங்கே நமக்கு வசதி. ஹெக்டேருக்கான அளவை 100-ஆல் வகுத்து உங்க ஏரால் பெருக்கினால் முடிஞ்சுது. ஹெக்டேருக்கு 150 கிலோ என்றால் 50.5 ஏருக்கு 75.75 கிலோ. சென்ட்டில் பாத்தி கட்டி வைத்திருந்தால் ஹெக்டேருக்கு ஒரு கிலோ என்பது சென்ட்டுக்கு 4.05 கிராம், அவ்வளவுதான் ஞாபகம் வைக்கணும்.

மா நடுவதற்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி என்றால் ஏருக்கு ஒரு மரம். 33 அடிக்கு 33 அடி என்றால் குண்டாவுக்கு ஒரு மரம். உங்க நிலத்துக்கு ரெண்டு கணக்கிலும் 50 மரம். 5 மீட்டருக்கு 5 மீட்டர் அடர்நடவு என்றால் ஏருக்கு 4, சுமார் 200 கன்று. தென்னைக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70. இதெல்லாம் காகிதக் கணக்கு. நிலம் சாய்ந்த வடிவமா இருக்கிறதால வரப்போரம் வரிசை முழுசா விழாது. கன்று ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி கயிறு கட்டி முளை அடிச்சு எண்ணிப் பாருங்க.

பாலக்கோடு_தேடல்

எல்லோருக்கும் நன்றி. இப்போ எழுதி வைத்திருக்கும் கணக்கு இதுதான், தப்பிருந்தா சொல்லுங்க: பட்டா 50.50 ஏர் = 5,050 சதுர மீட்டர் = 54,358 சதுரடி = 124.79 சென்ட் = 49.92 குண்டா. அளந்தது 54,403 சதுரடி. வித்தியாசம் 45 சதுரடி. விலை சென்ட் 80,000 என்று பேசி, 124.79 சென்ட்டுக்கு 99,83,000.

பத்திர_எழுத்து

சரி. பேச்சு எழுதும்போது "சென்ட் ஒன்றுக்கு 80,000 வீதம், பட்டாப்படியான 50.50 ஏருக்கு" என்று இரண்டையும் எழுதுங்கள். "அளவில் கூடினாலும் குறைந்தாலும் செக்குபந்திக்குள் உள்ள நிலம் முழுதும்" என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லைக்கும் பரப்புக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லைதான் செல்லும்.

செயின்_லிங்க்

கிரயத்துக்கு முன்னால் அளவைக்கு மனு கொடுத்து, நாலு மூலைக் கல்லும் இருக்கா என்று சர்வேயரை வைத்துக் காட்டச் சொல்லுங்க. நீங்க டேப் பிடிச்சது கல்லுக்குக் கல்லா, வரப்புக்கு வரப்பா என்று எழுதலை. தென்கிழக்குக் கல் மண்ணில் புதைஞ்சிருந்தால் 358 அடி 4 அங்குலத்தின் மறுமுனை எங்கே என்பதே உறுதியில்லை.

பாலக்கோடு_தேடல்

மூணு மூலையில் கல் தெரியுது. தென்கிழக்கில் வரப்பு முனையில்தான் பிடிச்சேன். அளவை மனு கொடுத்துட்டு, கல் கிடைச்சதும் அந்த மூலைவிட்டத்தை மறுபடி அளந்து இங்கே எழுதறேன்.